கூடம் கோணலா? ஆட்டம் கோணலா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!"

இந்தப் பழமொழியை அடிக்கடி கேட்க வேண்டுமா? நாட்டிய மேடைக்குப் போக வேண்டாம். திருவிழாவில் பலூன் சுடும் கடைக்குப் போனால் போதும்.

சென்னை மெரினா கடற்கரை, மதுரைப் பொருட்காட்சி, ஊர்த் திருவிழா எல்லாவற்றிலும் இந்தக் கடை உண்டு. பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. எதிரே ஒரு காற்றுத் துப்பாக்கி. நடுவே பத்தடி தூரம் இருந்தால் அதிகம்.

ஒருவர் துப்பாக்கியை எடுக்கிறார். ஒரு கண்ணை மூடுகிறார். சுடுகிறார். பலூன் அப்படியே இருக்கிறது!

"துப்பாக்கி சரியில்லை" என்கிறார் சுட்டவர்.

"உங்களுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை" என்கிறார் கடைக்காரர்.

கூட்டம் சிரிக்கிறது. சுட்டவர் சாதாரண ஆளாக இருந்தால் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருந்தால்?

"ஏன் தாத்தா, ஒரு பலூனைக்கூடச் சுட முடியவில்லையே! நீங்கள் எப்படி யுத்தத்தில் சண்டை போட்டீர்கள்?"

பேரன் விளையாட்டாகத்தான் கேட்கிறான். ஆனால் அந்தக் கேள்வி பெரியவர் மனத்தில் போய்த் தைக்கிறது. பலூனில் படாத குண்டு அவர் நெஞ்சில் படுகிறது!

சிரிக்கலாமா?

சிரிக்கக் கூடாது என்பதே நம் கட்சி. பெரியவர் என்ற மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நியாயமே அவர் பக்கம்தான் இருக்கிறது.

கூடம் கோணலா, ஆட்டம் கோணலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்த வழி பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது. தெரியாத நாம் சிரிக்கிறோம். தெரிந்த அவர் பேசாமல் இருக்கிறார்.

1962-ல் சீனாவுடன் யுத்தம் நடந்தது. 1965-லும் 1971-லும் பாகிஸ்தானுடன் யுத்தம் நடந்தது. 1971-ல் இருபது வயது இளைஞராக எல்லையில் நின்றவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். அந்தத் தலைமுறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் சொல்லும். நாம்தான் கேட்பதில்லை.

பட்டாளத்தின் முதல் பாடம்

பட்டாளத்தில் சேர்ந்தவுடன் நட்ட நடுவில் சுட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முதல் பாடமே வேறு.

ஐந்து குண்டுகள் கொடுப்பார்கள். ஐந்தையும் ஒரே புள்ளியைக் குறி வைத்துச் சுட வேண்டும். பிறகு அட்டையைக் கொண்டு வந்து பார்ப்பார்கள். நடுவில் எத்தனை பட்டது என்பது அப்போது கேள்வியே அல்ல. ஐந்து ஓட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பட்டாளத்தில் 'குரூப்பிங்' என்று பெயர். கூட்டாகச் சுடுதல் என்று சொல்லலாம். தேசிய மாணவர் படை என்னும் என்.சி.சி.யில் சேரும் பிள்ளைகளுக்கும் இதுவே முதல் பாடம்.

ஒருவன் சுட்ட ஐந்தும் அட்டையின் மூலையில் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவன் சுட்டதில் ஒன்று நடுவில் விழுந்தது. மற்ற நான்கும் நான்கு திசையில் சிதறின. இவர்களில் யார் கெட்டிக்காரன்?

நாம் இரண்டாமவனைத்தான் சொல்வோம். நடுவில் ஒன்று பட்டதே! பட்டாளத்து உஸ்தாத் முதலாமவன் முதுகில்தான் தட்டிக் கொடுப்பார்.

ஏன்? ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்தால் சுட்டவன் கை ஆடவில்லை, மூச்சு ஆடவில்லை, மனமும் ஆடவில்லை. அவன் சொன்ன சொல் தவறாதவன். துப்பாக்கியின் குறிதான் விலகியிருக்கிறது. அதைத் திருத்திவிட்டால் அடுத்த ஐந்தும் நடுவில் விழும். அதாவது, கூடம்தான் கோணல்!

ஐந்தும் சிதறினால் துப்பாக்கியைத் திருத்திப் பயனில்லை. திருந்த வேண்டியவன் சுட்டவன். அங்கே ஆட்டம்தான் கோணல்!

எவ்வளவு எளிய சோதனை பாருங்கள்! வாய்ச் சண்டை இல்லை. பழி சொல்வது இல்லை. ஐந்து ஓட்டைகளே தீர்ப்புச் சொல்லிவிடும்.

குற்றம் போகும் திசையில் போ!

துப்பாக்கிக் குழாயின் நுனியில் ஒரு சிறு முளை இருக்கும். அதுதான் முன்குறி. கண்ணுக்கு அருகே ஒரு பிளவோ துளையோ இருக்கும். அது பின்குறி. இரண்டையும் இலக்கோடு ஒரே நேரில் வைத்துப் பார்ப்பதுதான் குறி பார்ப்பது.

நம் ராணுவத்தில் 1960-களின் தொடக்கம் வரை 'திரீ நாட் திரீ' என்ற துப்பாக்கிதான் பெருவாரியாக இருந்தது. 1962 யுத்தத்தில் நம் சிப்பாய்கள் கையில் இருந்ததும் அதுதான். எடை சுமார் 4 கிலோ. ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளைப் போல ஒரு கம்பியை இழுத்துத் தள்ள வேண்டும். அதில் முன்குறி முளையைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். உயரம் கூடிய முளை, குறைந்த முளை என்று மாற்றியும் மாட்டலாம்.

குண்டு இடப்பக்கம் விலகினால் முளையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்? வலப்பக்கம் என்றுதான் நமக்குத் தோன்றும். அது தப்பு! முளையையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும். அப்போதுதான் குறி பார்க்கும்போது குழாய் வலப்பக்கம் திரும்பும்.

தவறு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் நாமும் கொஞ்சம் போனால்தான் தவறு திருந்தும். சிப்பாய்க்கு மட்டுமா இந்தப் பாடம்? பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

பத்தடியில் ஏன் தவறுகிறது?

"நூறு கெஜத்தில் சுட்டவருக்குப் பத்தடியில் சுட வராதா?" என்று கேட்கலாம். வராமல் போக ஒன்றல்ல, பல காரணங்கள் உண்டு.

முதல் காரணம் துப்பாக்கி. கடைத் துப்பாக்கி ஒரு சுருள்வில்லின் வேகத்தில் காற்றைத் தள்ளிச் சிறு ரவையைச் சுடுகிறது. ஒரு திருவிழாவுக்குள் எத்தனையோ பேர் கையில் அது மாறுகிறது. கீழே விழுகிறது. முளை வளைகிறது. வில் தளர்கிறது. மெரினாவில் இருந்தால் உப்புக் காற்றில் துருவும் ஏறுகிறது.

இரண்டாவது காரணம் வேகம். திரீ நாட் திரீ குண்டு வினாடிக்கு 700 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். கடைத் துப்பாக்கி ரவைக்குப் பெரும்பாலும் அதில் நாலில் ஒரு பங்கு வேகம்கூட இராது. விசையை அழுத்திய பிறகும் ரவை குழாய்க்குள்ளேயே சற்று நேரம் ஊர்கிறது. அதற்குள் சுருள்வில் துப்பாக்கியை உதறிவிடுகிறது. சுட்டு முடித்த பிறகும் அசையாமல் நிற்பவருக்குத்தான் இது வசப்படும்.

மூன்றாவது காரணம் நிலை. சிப்பாய் பெரும்பாலும் தரையில் படுத்துச் சுட்டுப் பழகியவர். இரண்டு முழங்கைகளும் பூமியில் ஊன்றியிருக்கும். கடையில் நின்றுகொண்டு சுட வேண்டும். பின்னால் கூட்டம் இடிக்கும். பக்கத்தில் ராட்டினம் கிறீச்சிடும். ஒலிபெருக்கி அலறும்.

நான்காவது காரணம் பலூன். நன்றாக ஊதிய பலூன் ரவை பட்டவுடன் வெடிக்கும். பாதி ஊதிய பலூன் தொளதொளவென்று இருக்கும். ரவை உரசினாலும் நழுவிக் கொடுத்துவிடும். காற்றில் வேறு ஆடும்.

வெள்ளெழுத்தின் வேலை

ஐந்தாவது காரணம்தான் பெரியவர்களுக்கு முக்கியமானது. அது கண்.

குறி பார்க்கும்போது கண் எதைப் பார்க்க வேண்டும்? வில்லுக்கு விஜயன் என்று பேர் பெற்ற அர்ச்சுனன் பறவையின் கண்ணை மட்டுமே பார்த்தான் என்று கதை கேட்டிருக்கிறோம். துப்பாக்கியில் அப்படி இல்லை. முன்குறி முளையைத்தான் தெளிவாகப் பார்க்க வேண்டும். இலக்கு சற்று மங்கலாகத் தெரிந்தால் போதும். முளை மயிரிழை விலகினாலும் குண்டு வெகுவாக விலகிவிடும் அல்லவா?

நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருகிறது. தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையைப் படித்துவிடுவார். கையில் உள்ள பத்திரிகையைப் படிக்கக் கண்ணாடி தேடுவார். அதே வெள்ளெழுத்துதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் முளையையும் மங்கலாக்குகிறது. பலூன் பளிச்சென்று தெரிகிறது. முளை தெரியவில்லை!

பழைய சிப்பாய் மறந்தது ஒன்றும் இல்லை. அவர் கை மறக்கவில்லை. மூச்சு மறக்கவில்லை. கண்ணாடி வில்லை மாறியிருந்தால் குறியும் மாறியிருக்கும்!

தங்கம் வாங்கிய கோணல் கூடம்

கூடம் கோணலானால் என்ன செய்வது? ஒலிம்பிக் வீரர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11. பீஜிங் நகரம். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி. நம் அபினவ் பிந்திரா இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார். சுற்று தொடங்கும் முன் சோதனையாகச் சுட்டுப் பார்க்கிறார். குண்டு நடுவை விட்டு வெகுவாக விலகிப் போகிறது! துப்பாக்கியின் குறி மாறியிருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

வேறொருவராக இருந்தால் கூச்சல் போட்டிருப்பார், அல்லது கைநடுங்கியிருப்பார். பிந்திரா குறியைத் திருத்தினார். மறுபடி நின்றார். கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரரும் அவரும் சம நிலை. பிந்திரா கடைசிக் குண்டில் 10.8 புள்ளி எடுத்தார். ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த ஒரு புள்ளி!

மனு பாக்கர் கதையும் அப்படித்தான். 2021-ல் டோக்கியோவில் போட்டி நடுவே அவருடைய கைத்துப்பாக்கி பழுதானது. நேரம் போயிற்று. இறுதிச் சுற்று கைநழுவியது. அவர் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. 2024-ல் பாரிசில் இரண்டு வெண்கலப் பதக்கங்களோடு வந்தார்.

கை போனாலும் குறி போகவில்லை

துப்பாக்கி பழுதானால் திருத்தலாம். கையே போய்விட்டால்?

ஹங்கேரி நாட்டு ராணுவத்தில் கரோலி தகாச் என்று ஒருவர் இருந்தார். கைத்துப்பாக்கி சுடுவதில் சூரர். 1938-ல் பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. சுடும் கையே அதுதான்!

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. இடது கையால் சுடக் கற்றுக்கொண்டார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். 1952-ல் ஹெல்சிங்கியில் மறுபடி தங்கம்! குறி கையில் மட்டும் இல்லை என்பதை உலகுக்குக் காட்டினார்.

நம் நாட்டிலும் பட்டாளத்துக்காரர்கள் ஒலிம்பிக் மேடை ஏறியிருக்கிறார்கள். 2004-ல் ஏதென்சில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் அப்போது ராணுவ மேஜர். 2012-ல் லண்டனில் வெள்ளி வென்ற விஜய் குமார் அப்போது சுபேதார்.

பெண் பிள்ளைக்குத் துப்பாக்கியா?

பலூன் கடையில் பையனுக்குத்தான் காசு கொடுக்கிறோம். பெண் குழந்தை வேடிக்கை பார்க்கிறது. இது என்ன நியாயம்?

1943-ல் நேதாஜி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கினார். மலேயாவில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன.

இன்று கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இருக்கிறார். குஜராத்தில் வளர்ந்தவர். 2019-ல் காற்றுத் துப்பாக்கியில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகச் சுட்டார்.

குறி பார்க்கத் தேவை முரட்டு பலம் அல்ல, பொறுமை. அது பெண்களிடம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

நீங்களும் சுடலாம்!

அடுத்த திருவிழாவில் இப்படிச் செய்து பாருங்கள்.

எடுத்த துப்பாக்கியை மாற்றாதீர்கள். முதல் மூன்று ரவைகளையும் ஒரே பலூனின் ஒரே இடத்தைக் குறி வைத்துச் சுடுங்கள். வெடிக்காவிட்டால் கவலை வேண்டாம். பலகையில் ரவை எங்கே பட்டது என்று மட்டும் பாருங்கள்.

மூன்றும் இடப்பக்கம் கீழே விழுந்தால், அதே அளவு வலப்பக்கம் மேலே குறி வையுங்கள். பலூன் தானாக வெடிக்கும்.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துங்கள். விசையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். எலுமிச்சம் பழத்தைப் பிழிவதுபோல் மெல்ல அழுத்துங்கள். சுட்ட பிறகும் ஒரு கணம் அசையாமல் நில்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வெறும் துப்பாக்கியானாலும் ஆள்மீது நீட்டக் கூடாது. சுடும் நேரம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் அல்ல. அதன் ரவை கண்ணைப் பறித்துவிடும். கிளியையும் மைனாவையும் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பாவமும்கூட.

கடைக்காரருக்கு ஒரு வார்த்தை

பலூன் கடைக்காரர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். நாள் முழுதும் வாயால் பலூன் ஊதி வயிறு வளர்ப்பவர்கள் அவர்கள். அவர்கள் பிழைப்பில் மண் போட நாம் விரும்பவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறோம். பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிடுங்கள். காசு கொடுத்தவருக்கு முதலில் இரண்டு ரவை அந்த அட்டையில் சுடக் கொடுங்கள். துப்பாக்கி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். துப்பாக்கியை ஒரு கயிற்றால் மேஜையில் கட்டி வையுங்கள். ஜனங்கள் பக்கம் அது திரும்பாது.

இரண்டு ரவை நஷ்டம்தான். ஆனால் பலூன் வெடித்தவர் மறுபடி வருவார். ஏமாந்தவர் வருவாரா?

வீட்டுக்கும் இதே பாடம்

பையன் ஐந்து கணக்குப் போட்டான். ஐந்தும் தப்பு. நாம் என்ன செய்கிறோம்? "மக்கு!" என்று குட்டுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். ஐந்தும் ஒரே மாதிரித் தப்பா என்று பாருங்கள். கழித்தலில் கடன் வாங்கியதை ஐந்திலும் மறந்திருக்கிறானா? அப்படியானால் அவன் மக்கு அல்ல. அவன் குறி நன்றாக இருக்கிறது. யாரோ ஒரு முளையைக் கோணலாக வைத்துவிட்டார்கள். அவன் எப்படி யோசித்தான் என்று அவன் வழியிலேயே கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். முளையைக் கண்டுபிடித்துவிடலாம். பத்து நிமிஷத்தில் திருத்தியும்விடலாம்.

ஐந்தும் ஐந்து விதத் தப்பாக இருந்தால் அவன் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம். அதற்கும் மருந்து குட்டு அல்ல, பயிற்சி.

மாமியார் மருமகள் சண்டையிலும், முதலாளி தொழிலாளி தகராறிலும் இந்தச் சோதனை உதவும். ஒரு தடவை தவறியவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஐந்து தடவை பாருங்கள். பிறகு சொல்லுங்கள், கூடம் கோணலா, ஆட்டம் கோணலா என்று.

இவ்வளவையும் யாரிடம் கற்றுக்கொள்வது? பணம் கொடுத்து எங்கும் போக வேண்டாம். பட்டாளத்தில் இருந்து வந்த பெரியவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

"தாத்தா, எத்தனை பலூன் சுட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். "எப்படி மூச்சைப் பிடித்தீர்கள்?" என்று கேளுங்கள்.

அவர் நிமிர்ந்து உட்காருவார் பாருங்கள்!